செருப்பு ரப்பரால் அடைத்த வால்வு

“ஜூலை 19, வெள்ளி. குளியலறைக் கூரைச் சொட்டு நின்றது. ஹீட்டருக்கு அடியிலுள்ள வால்வின் வாயில் பழைய செருப்பு ரப்பர்த் துண்டு, அதன் மேல் கம்பிக் கட்டு. முடித்த நேரம் மாலை 4.20. நிரந்தரத் தீர்வு.”

என் நீல அட்டை நோட்டில் இருக்கும் பதிவு இது. கையெழுத்து என்னுடையது. கடைசி இரண்டு சொற்களின் கீழே ஸ்கேல் வைத்துக் கோடும் போட்டிருக்கிறேன்.

துபாய் கராமாவில் பழைய நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடியில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். நான் அல் குசைஸில் ஒரு கான்ட்ராக்டிங் கம்பெனியில் ஃபைல்களைப் பார்த்துக்கொள்கிறவன். இன்னொருவர் பேக்கரியில் இரவு டியூட்டி. கடற்கரைப் பக்கத்து ஊர்க்காரர், ஐம்பது தாண்டியவர். அவர் ஊர் வழக்கப்படி நாங்கள் அவரைக் காக்கா என்போம், அதாவது அண்ணன். மூன்றாமவர் அந்த டிசம்பரில் லீவில் ஊருக்குப் போயிருந்தார். ஃபிளாட்டில் எது பழுதானாலும் பார்ப்பதும், பார்த்ததைத் தேதி போட்டு எழுதுவதும் என் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை.

இங்கே இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காக எழுதுகிறேன். மே முதல் அக்டோபர் வரை மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கையை வைக்க முடியாத சூடு. அந்த மாதங்களில் ஹீட்டர் ஸ்விட்சை யாரும் தொடுவதில்லை. ஹீட்டரின் உருளை குளியலறைக்கு மேலே, ஃபால்ஸ் சீலிங்குக்குள், ஏசி குளிர்ச்சியில் கிடக்கும். அதற்குள் தேங்கிய தண்ணீர் மெல்ல ஆறும். ஆகவே கோடையில் நீலக் குழாயைத் திறந்தால் கொதி, சிவப்புக் குழாயைத் திறந்தால் இதம். டிசம்பர் வந்ததும் எல்லாம் தலைகீழ். குளியலறைக் கதவில் “இன்று முதல் சிவப்பு சூடு” என்று நான் காகிதம் ஒட்டுவேன்.

ஜூலையில் நான் செய்த தவறு இந்தப் பழக்கத்திலிருந்துதான் வந்தது. ஹீட்டருக்கு அடியில் பித்தளை வால்வு ஒன்று உண்டு. அது சொட்டிக்கொண்டே இருந்தது. சீலிங் பலகை ஊறி, உப்பி, உட்காருகிறவர் தலையில் நீர் விழுந்தது.

“தம்பி, உள்ள போறதுக்கு ஒரு குடை வாங்கி வையி,” என்றார் காக்கா. “ஊர்லதான் மழ இல்லேங்குறானுவ. எல்லாம் நம்ம கக்கூசுல பெய்யுது.”

ஹீட்டர் அப்போது எங்களுக்கு ஹீட்டரே இல்லை. குளிர்ந்த தண்ணீர்ப் பானை. பானை ஒழுகினால் ஓட்டையை அடைக்க வேண்டியதுதானே? அடைத்தேன். காக்கா மேலே பார்த்துவிட்டு, “கம்பெனி ஒன்ன ஃபைல் பாக்க வச்சிருக்கான் பாரு, எஞ்சினியர் வேல போட்டுக் குடுக்கணும்,” என்றார். அந்தச் சந்தோஷத்தில்தான் கோடு போட்டேன்.

டிசம்பர் 8, ஞாயிறு. அல் ஐனில் இருக்கும் என் ஊர் நண்பன் வரச் சொல்லியிருந்தான். அவன் மனைவியும் இரண்டு வயது மகளும் ஊரிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அல் ஐன் கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர். அங்கே விடியற்காலைக் குளிர் துபாயைவிடக் கடுமை. அவன் வீட்டு ஹீட்டர் துருப்பிடித்து ஒழுகத் தொடங்கியிருந்தது. புதிது வாங்க வேண்டும், எது கரண்ட் குறைவாக இழுக்கும் என்று தெரிய வேண்டும். “நோட்டை எடுத்துட்டு வா மாப்ள, நீதான் எல்லாத்தையும் எழுதி வச்சிருப்பியே,” என்றான்.

ஐந்தரை மணிக்கு எழுந்தேன், குளித்தேன், பஸ் பிடித்தேன். பத்தரை மணிக்கு அவனோடு அங்குள்ள ஹார்டுவேர் கடையில் நின்றேன். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பேச்சில் கொஞ்சம் கேலி உண்டு.

“வீட்டுல எத்தன பேரு?”

“மூணு பேருண்ணே. பாப்பா சின்னது.”

“அப்ப அம்பது லிட்டர் தாராளம். அந்த நூறு லிட்டரப் பாக்காதிய. குளிக்கப்போறது ரெண்டு வாளி, அதுக்கு ஒரு கொளத்தயா காய வைக்கப்போறிய? உள் ஓட்டுக்கும் வெளி ஓட்டுக்கும் நடுவுல பஞ்சு தடிப்பா இருக்கான்னு பாருங்க, சூடு நிக்கும். உள்ள ஒரு கம்பி இருக்கும், துருவ அது வாங்கிக்கிடும். ரெண்டு வருசத்துக்கு ஒருக்க அத மாத்திரணும். தெர்மோஸ்டாட்ட அறுவதுல வச்சிட்டு மறந்துருங்க.”

நான் எழுதிக்கொண்டே வந்தேன். அவர் பெட்டியைப் பிரித்து, உள்ளேயிருந்து சின்னப் பித்தளை வால்வை எடுத்து மேசையில் வைத்தார். பார்த்த உடனே அடையாளம் தெரிந்தது: ஜூலையில் நான் அடைத்தது இதே வால்வுதான்.

“இது சொட்டிக்கிட்டே கெடக்கும்ணே,” என்றான் நண்பன். “பழசுலயும் இதே ரோதன. அடைச்சிரலாமா?”

கடைக்காரர் சிரித்தார். “அடைங்க. அடைச்சிட்டு வீட்டக் காலி பண்ணிட்டு வேற ஊருக்குப் போயிருங்க. தண்ணி காஞ்சா பெருகும்லா? வந்த வழியா திரும்பிப் போவ இது விடாது, ஒருவழிப்பாதை. அப்ப கூடுனது இந்த மூக்கு வழியாத்தான் வெளிய வரணும். சொட்டுதுன்னா எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம். அடைச்சா, குழாயத் திறக்குற வரைக்கும் உள்ள முட்டிக்கிட்டே நிக்கும். தெர்மோஸ்டாட்டு வேற போயிருச்சுன்னு வைங்க, கொதிச்சு, கூரையோட போயிரும்.”

என் பேனா நின்றுவிட்டது. நோட்டைப் பின்னால் புரட்டினேன்.

“மார்ச் 3, ஞாயிறு. ஹீட்டர் தானாக அணையவில்லை. தண்ணீர் கொதிக்கிறது. தெர்மோஸ்டாட் பழுது என்று தோன்றுகிறது. கோடை வருவதால் இப்போது மாற்ற வேண்டாம். இனி 20 நிமிடம் மட்டும் போட்டு அணைக்க வேண்டும்.”

அதன்பின் ஜூலை 19. அதன்பின் முந்தைய நாள் மாலை எழுதியது: “டிசம்பர் 7, சனி. சமையலறைச் சிவப்புக் குழாய்க்கு வாஷர் மாற்றியது. ஒழுகல் முழுதாக நின்றது.”

மூன்று தேதிகள், மூன்று தனித்தனிப் பக்கங்கள். ஒரு வாரமாக ஹீட்டர் போட்டும் எதுவும் ஆகாததற்குக் காரணம் அந்தச் சமையலறைக் குழாயின் ஒழுகல்தான். பெருகிய தண்ணீர் அதன் வழியே போயிருக்கிறது. நேற்று அதையும் அடைத்துவிட்டேன். இன்று காலை குளிக்க ஹீட்டர் போட்டேன். அணைத்தேனா?

நினைவுக்கு வந்தது ஒவ்வொன்றாக: துண்டு, சட்டை, நோட்டைப் பைக்குள் வைத்தது, கதவைச் சத்தமில்லாமல் சாத்தியது. ஸ்விட்ச் வரவில்லை.

“என்ன மாப்ள, மூஞ்சி இப்படி வெளுத்துப்போச்சு?”

மணி 10.52. காக்கா ஏழு மணிக்கு டியூட்டி முடிந்து வருவார். குளியலறைச் சுவரை ஒட்டித்தான் அவர் கட்டில். ஃபோனைச் சைலன்ட்டில் போட்டுவிட்டுப் படுப்பார். இரண்டு மணிக்கு முன்னால் அவரை எழுப்பக் கூடாது என்பது ஃபிளாட்டின் விதி. அந்த விதியை எழுதி ஒட்டியவனும் நான்.

ஆறு முறை அழைத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. நடுவே நான் சொன்னதைக் கேட்டதும் கடைக்காரர் கேலியை விட்டுவிட்டார். “வீட்டுல யாரு இருக்கா? ஆளு தூங்குதா? சார், யாரையாவது விட்டு மெயின அணைக்கச் சொல்லுங்க. பாத்ரூம் பக்கம் போவக் கூடாது. குழாய எதையும் திறக்கக் கூடாது. அணைச்சிட்டு வெளிய வந்துரணும். அம்புட்டுதான்.”

கட்டடக் காவலாளியை, நாங்கள் நாத்தூர் என்று அழைக்கும் வங்காளியை, அழைத்தேன். மூன்றாவது முறை எடுத்தார். மூன்றாம் மாடிக்குப் போய்க் கதவைத் தட்டச் சொன்னேன், என் உடைந்த இந்தியில்.

“நை பாய்,” என்றார். “வோ நைட் டியூட்டி வாலா. சோ ரஹா ஹை. குஸ்ஸா கரேகா.”

தூங்குகிற மனிதரின் கோபத்துக்கு அவர் பயந்தார். எப்போதோ பார்சல் கொடுக்கத் தட்டியபோது காக்கா கொடுத்த வசவு அப்படி. எனக்கு ஹீட்டர் வெடிக்கும் என்பதை இந்தியில் சொல்லத் தெரியவில்லை, வெடிகுண்டுக்கு மட்டும் சொல் தெரியும். “ஹீட்டர் பம் ஹை, பாய், பம்! ஜல்தி!” என்று கத்தினேன். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். ஃபோனில் செருப்புச் சத்தம் படியேறத் தொடங்கியது.

கதவு தட்டும் ஒலி. மறுபடி. மறுபடி. பிறகு காக்காவின் குரல், தூரத்திலிருந்து, அவர் ஊர் வசவோடு: “எந்த ஹமுக்குடா அது?”

ஃபோன் கை மாறியது.

“காக்கா, நான்தான். ஹீட்டர் ஸ்விட்ச்ல சிவப்பு லைட் எரியுதா பாருங்க.”

“இதுக்காடா எழுப்புனே? வந்து படுத்து…”

“காக்கா, பாருங்க!”

நாலு அடி தூரம். அதற்கு எத்தனை நேரமானது என்று நான் குறிக்கவில்லை.

“எரியுது.”

“அத விட்டுருங்க. வாசல் பக்கத்துல இருக்கிற மெயின கீழ தள்ளுங்க.”

டப் என்றது. ஏசி நின்ற அமைதி ஃபோனில் கேட்டது. அந்த அமைதிக்குள் வேறொரு சத்தம் இருந்தது. காக்காவுக்கும் கேட்டிருக்க வேண்டும், குரல் இறங்கிவிட்டது.

“தம்பி, மேல என்னமோ முணுமுணுங்குது. சீனிப்பாகு கொதி வந்தா ஒரு சத்தம் வருமே, அந்த மாதிரி.”

“வெளிய வாங்க. வால்வு அடைச்சிருக்கு. நாத்தூரையும் கூட்டிக்கிட்டு கீழ போங்க. கதவ சாத்தாட்டியும் பரவால்ல.”

“பாஸ்போர்ட்டு உள்ள கெடக்கு.”

“காக்கா, வேணாம்!”

“தலகாணிக்கு அடியில தாம்ப்பா, ரெண்டு எட்டு…”

அழைப்பு அறுந்தது. நாத்தூரின் ஃபோன் அதன்பின் அணைந்துவிட்டிருந்தது. பேட்டரி என்று பிறகு சொன்னார். காக்காவின் ஃபோன் மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. நண்பன் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டார், நான் உட்காரவில்லை. என் விரல் இன்னும் ஜூலைப் பக்கத்தில் இருந்தது. அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

11.31க்கு அழைப்பு வந்தது. புதிய எண்.

“டீக்கடையில இருக்கேன்,” என்றார் காக்கா. “கைலியோட. பனியனும் இல்ல. மலையாளத்தான் பாத்துச் சிரிக்குறான். பாஸ்போர்ட்டு எடுத்தாச்சு, ஃபோன விட்டுட்டேன். நாத்தூருக்கும் ஒரு டீ சொல்லிட்டேன், ஒன் கணக்குல.”

அப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். நண்பன் ஐம்பது லிட்டர் ஹீட்டரை வாங்கினான். பெட்டியில் வந்த வால்வைத் தவிர இன்னொன்று கேட்டு வாங்கி என் பையில் போட்டேன். இரண்டு மணி பஸ்ஸில் திரும்பினேன்.

மறுநாள் காலை, எல்லாம் ஆறிய பின், பிளம்பர் சீலிங் பலகையைக் கழற்றினார். உருளையின் அடித்தட்டு வெளிப்பக்கமாகப் பிதுங்கியிருந்தது. வால்வின் வாயில் நான் திணித்த ரப்பர், கருகி, கம்பிக் கட்டை நெகிழ்த்திக்கொண்டு பாதி வெளியே வந்திருந்தது. அதைச் சுற்றிப் பலகை ஈரம். பிளம்பர் ரப்பரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “கட்டினது யாரு? நல்லா கட்டத் தெரியாத ஆளு,” என்றார். “நல்லா கட்டியிருந்தா இந்தச் சுவர் இருந்திருக்காது.”

காக்கா என் பக்கம் பார்க்கவில்லை. அது அவர் எனக்குச் செய்த மரியாதை.

அன்று மாலை அவர் டியூட்டிக்குக் கிளம்புமுன் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டேன். நான் ஸ்விட்சை அணைக்காமல் போனேனா, அல்லது ஏழு மணிக்கு வந்த அவர் கை கால் கழுவ அதைப் போட்டுவிட்டு அப்படியே தூங்கிவிட்டாரா? ஐந்தரையிலிருந்து என்றால் ஐந்து மணி நேரத்துக்கு மேல். ஏழிலிருந்து என்றால் நான்கு. எனக்கு அது தெரிய வேண்டியிருந்தது.

“ஒனக்கு ஞாபகம் இல்லியா?”

“இல்ல காக்கா.”

அவர் சட்டைப் பொத்தான்களைப் போட்டு முடித்தார்.

“நாந்தான் போட்டேன். எழுதிக்க.”

“நெசமாவா?”

“நாந்தான் போட்டேங்குறேன்ல. நீ எழுதிட்டுத் தூங்கு. இந்த வாட்டி கோடு போடாத.”

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு வாரத்தில் ஹீட்டரையும் மாற்றினோம்: ஐம்பது லிட்டர், தெர்மோஸ்டாட் அறுபதில், வால்வு மூக்கிலிருந்து ஒரு மெல்லிய குழாய் நேராகத் தரை வடிகாலுக்கு. இப்போது அது சொட்டுகிறது. சில நாட்கள் நின்று பார்ப்பேன்.

டிசம்பர் 8ஆம் தேதிப் பதிவை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இருப்பது இது: “காலை 11.04 மெயின் அணைக்கப்பட்டது. ஹீட்டர் எப்போதிலிருந்து ஓடியது: தெரியவில்லை. ஸ்விட்சைப் போட்டது: தாம்தான் என்று காக்கா சொல்கிறார். சரிபார்க்கப்படவில்லை.”