பாய்ன் ஆற்றங்கரையில் பதினோரு பேர்

அறுபதுகளின் தொடக்கத்தில், எம்.ஏ. முடித்த கையோடு, திருச்சி தெப்பக்குளம் பக்கம் ஒரு மாடியில் நடந்த டுட்டோரியலில் வரலாறு எடுக்கச் சேர்ந்தேன். ஞாயிறு காலை வகுப்பு. பி.ஏ.யில் இங்கிலாந்து வரலாறு பேப்பரில் மட்டும் கோட்டைவிட்ட பதினோரு ஆண்கள். எல்லாரும் வேலையில் இருப்பவர்கள், என்னைவிட மூத்தவர்கள். "பொம்பளைப் பிள்ளைக்கு இவங்க அடங்குவாங்களா?" என்று முதலாளி என் காதுபடவே சொன்னார்.

முதல் பாடம் அயர்லாந்து. நோட்ஸை வாசிக்க ஆரம்பித்ததுமே கடைசி பெஞ்சில் கொட்டாவி. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததெல்லாம் வீணாகிவிடும் போலிருந்தது. நோட்டை மூடினேன்.

"இது மாமனார் மருமகன் சண்டை," என்றேன். "மாமனார் கத்தோலிக்கர், இங்கிலாந்துக்கு ராஜா. மருமகன் புராட்டஸ்டண்ட். அவரைத் துரத்திட்டு இவர் சிம்மாசனம் ஏறினார். மாமனார் அயர்லாந்துக்குப் போய்ப் படை திரட்டினார். பாய்ன்னு ஒரு ஆறு. ரெண்டு கரையிலும் ரெண்டு ராஜா."

"மக யார் பக்கம் நின்னாங்க டீச்சர்?" என்று கேட்டார் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர்.

"புருஷன் பக்கம்."

வகுப்பே சிரித்தது. எனக்கு உயிர் வந்தது.

"மருமகன்தான் ஜெயிச்சார். தோத்தவர் பக்கம் நின்ன கத்தோலிக்கர்களோட நிலத்தைப் பிடுங்கி, பெரும்பாலும் புராட்டஸ்டண்ட்காரங்களுக்குக் கொடுத்தாங்க. அதுக்கு முன்னாடியே நிறைய நிலம் அப்படிக் கைமாறியிருந்தது."

ஃபிட்டர் சிரிப்பை நிறுத்தினார். அவருடைய அப்பா கொள்ளிடக்கரையில் குத்தகைக்கு உழுகிறவர். "அங்க உழுதவன் என்ன ஆனான்?"

"அதே மண்ணில் புது எஜமானுக்குக் குத்தகை அளந்தான். அந்த எஜமானுக்கு மதமும் வேற, பாஷையும் வேற."

"ராஜாக்கள் சண்டை ஒரு நாள்ல முடிஞ்சுது. உழுதவனுக்கு முடியவே இல்லன்னு சொல்லுங்க."

"இதை அப்படியே எழுதுங்க. இதைவிட நல்ல விடை என்கிட்ட இல்லை," என்றேன். பதினோரு பேனாவும் குனிந்தன. அதன்பிறகு ஒரு ஞாயிறுகூட யாரும் வராமல் இருந்ததில்லை.

பரீட்சையில் அயர்லாந்தில் நிலம் கைமாறியது பற்றியே பெரிய கேள்வி வந்தது. ரிசல்ட் அன்று காலை ஃபிட்டர் பேப்பரோடு சைக்கிளில் காவிரிப் பாலம் தாண்டி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். வாசலிலேயே சத்தம் போட்டார்.

"பதினோரு நம்பரும் இருக்கு டீச்சர்! ஒண்ணு விடாம!"

பேப்பரை வாங்கி, அவர் கோடு போட்டிருந்த ஒவ்வொரு நம்பராகத் தொட்டுப் பார்த்தேன். அந்தப் பேப்பரை மடித்து என் எம்.ஏ. பட்டத்தோடு சேர்த்து வைத்தேன்.