ஜன்னல் திறந்திருந்தால் மட்டும்

என் அக்காவுக்கு இந்த நாட்டில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: யாரும் முகம் சுளிக்காமல் கருவாடு பொரிக்க ஒரு குசினி. கார் கேட்கவில்லை, நகை கேட்கவில்லை. பிள்ளை வேண்டும் என்று கொஞ்சக் காலம் கோயில் கோயிலாகத் திரிந்தாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள். கருவாட்டை மட்டும் விடவில்லை.

ஜெர்மனியில் வுப்பர்டாலுக்கு வந்த நாளிலிருந்து அவளும் அத்தானும் அடுக்குமாடி வீடுகளில்தான் இருந்தார்கள். அங்கே அவள் பட்ட பாடு எங்கள் ஆட்கள் எல்லோரும் பட்ட பாடுதான். மேல்வீட்டுக்காரி படியில் கண்டால் சிரித்து வணக்கம் சொல்லுவாள். அடுத்த கிழமை வீட்டு நிர்வாகத்திடமிருந்து சமையல் மணத்தைப் பற்றிக் கடிதம் வரும். அக்கா முதலில் கருவாட்டை ஒளித்தாள், பிறகு தாளிப்பதைக் குறைத்தாள். மாரிக் குளிரில் பல்கனியில் மின்னடுப்பை வைத்து, ஜக்கெற்றும் தொப்பியுமாக நின்று மீன் பொரித்தாள். அதற்கும் கடிதம் வந்தது. பள்ளிக்கூடம் துப்புரவாக்கும் வேலைக்குப் போகுமுன் உடுப்பை மணந்து பார்த்துவிட்டுத்தான் வெளிக்கிடுவாள். அங்கே பிள்ளைகளும் ஆசிரியர்களும் வீட்டுக்குப் போன பிறகுதான் அவளுக்கு வேலையே தொடங்கும். யார் மணந்து பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டால் என்னை முறைப்பாள்.

அத்தானுக்கு வேறு ஆசை. அவருக்கு உறைந்த சாப்பாட்டுச் சாமான்கள் வைக்கும் களஞ்சியத்தில் இரவு வேலை. ஜெர்மன் குளிர் போதாது என்று சம்பளத்துக்கும் குளிரில் நின்ற மனுஷன். வீட்டுக்கு வந்தால் ஹீற்றரோடு ஒட்டிக்கொண்டு நிற்பார். அவருக்கு நெருப்பு வேண்டும், கண்ணால் பார்க்கிற நெருப்பு. அதிகம் கதைக்காதவர், விறகைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாய் திறப்பார்.

கடைசியில் மலைச் சரிவில் ஒரு பழைய வீட்டை வாங்கினார்கள். ஹோலில் ஒரு பழைய இரும்பு விறகடுப்பு இருந்தது. பக்கத்திலே, கதவு போட்ட தனிக் குசினி. ஆளுக்கொன்று கிடைத்துவிட்டது. அக்கா முதல் வேலையாக, கடையில் இருந்ததிலேயே பலமான புகை உறிஞ்சியைச் சமையல் அடுப்புக்கு மேலே பூட்டினாள். அதை நாங்கள் எல்லோரும் டொச்சில், அதாவது ஜெர்மன் பாஷையில், அப்சூக் என்றுதான் சொல்வோம். ஜன்னலை இறுக்கிப் பூட்டி, அப்சூக்கை முழு வேகத்தில் விட்டால், மணமெல்லாம் கூரைக்கு மேலால் போய்விடும் என்பது அவளுடைய கணக்கு. ஒரு வருஷத்துக்குள் பிறந்தநாள், சாமத்தியவீடு என்று ரோல்ஸ், கட்லட் எல்லாம் ஓடருக்குச் செய்து கொடுக்கத் தொடங்கிவிட்டாள். அவளை நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை.

பிறகு புகைபோக்கிக்காரர் வந்தார். இங்கே நெருப்பு எரிக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் அரசாங்கத்தின் பேரால் ஒருவர் வந்து, புகைபோக்கியையும் அடுப்பையும் சோதித்து, எரிக்கலாமா கூடாதா என்று சொல்லிவிட்டுப் போவார். வீதியில் அவர்களைக் கண்டால் அதிர்ஷ்டம் என்று இந்த ஊர்ச் சனம் நம்பும். எங்கள் அக்காவுக்கு அவர், சப்பாத்தைக் கழற்றாமல் ஹோலுக்குள் வந்து குறை சொல்லும் மனுஷன். பழைய அடுப்பு சட்டம் விட்டதைவிடக் கூடுதலாகத் தூசியும் நஞ்சும் கக்குகிறது, அதற்குக் கொடுத்த தவணை முடிந்துவிட்டது, ஒன்றில் மாற்ற வேண்டும், இல்லையென்றால் நிறுத்த வேண்டும் என்றார். மொழிபெயர்த்தது நான். நான் பல் வைத்தியரிடம் வேலை செய்கிறவள். இப்படியான வேலைக்கெல்லாம் குடும்பத்தில் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

"விறகு எரிக்கவும் இவையிட்டக் கேக்க வேணுமோ?" என்றார் அத்தான். அதுதான் அவர் அந்த ஆண்டில் சொன்ன மிகக் கோபமான வசனம். ஆனால் காஸ் விற்ற விலையில் அடுப்பை விடவும் ஏலாது. புது அடுப்பு வாங்கினார். குளிர் உள்ளே வராமல் இருக்கக் காற்றுப் புகாத புது ஜன்னல்களும் போட்டார்.

புது அடுப்பைச் சோதிக்க அதே ஆள் மறுபடி வந்தார். எங்களைக் கூப்பிட்டு ஜன்னல்களையெல்லாம் பூட்டச் சொன்னார். விறகைப் பற்றவைத்தார். குசினிக் கதவைத் திறந்து, அப்சூக்கை முழு வேகத்தில் விடச் சொன்னார். பிறகு புகை வரும் ஒரு சின்னக் குச்சியைக் கொளுத்தி அடுப்புக் கதவின் விளிம்பில் பிடித்தார். புகை அடுப்புக்குள்ளே போகாமல் ஹோலுக்குள் திரும்பி, குசினிப் பக்கமாக ஓடியது.

"வீட்டில் இருக்கிற காற்று ஒன்று. அதை இழுக்கிறது இரண்டு. உங்கள் குசினிதான் பலசாலி," என்றார் அவர். அப்சூக் இழுக்கிற இழுவையில், புகைபோக்கியால் போக வேண்டிய நஞ்சு வீட்டுக்குள் வரும், அதில் ஆள் சாகும் என்று விளக்கினார். நான் ஒரு சொல்லும் விடாமல் தமிழில் சொன்னேன்.

அதற்கு அவர் வைத்த வழி இரண்டு. ஒன்று, காற்றை வெளியே தள்ளாமல், வடிகட்டி வீட்டுக்குள்ளேயே திருப்பி விடும் அப்சூக். "மணத்தைச் சுத்திக் கொண்டுவந்து எனக்கே திருப்பித் தரவோ?" என்றாள் அக்கா. மற்றது, குசினி ஜன்னலில் ஒரு சுவிச். இரண்டு சின்ன வெள்ளைத் துண்டுகள்; ஒன்று சட்டத்தில், ஒன்று கதவில். ஜன்னலைத் திறந்து இரண்டும் பிரிந்தால்தான் அப்சூக்குக்குக் கரண்ட் போகும். பூட்டினால் நின்றுவிடும். அத்தானுக்கு நெருப்பு வேண்டும் என்றபடியால் அக்கா சுவிச்சுக்கு ஓம் என்றாள்.

அதன் பிறகு அவள் பழையபடி பல்கனிக்காரி ஆனாள். ஜன்னலைத் திறந்துவிட்டு, சால்வையைச் சுற்றிக்கொண்டு, கறியைக் கிண்டுவாள். குளிரை அவள் பொருட்படுத்தவில்லை. எட்ட இருந்த பக்கத்து வீட்டு ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்த வீட்டில் தனியாக ஒரு வயதானவர் இருந்தார். அவர் ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை. அதை நான் சொன்னால், "சொல்ல மாட்டினம். எழுதுவினம்," என்பாள். எத்தனையோ கடிதம் வாங்கியவள். அவளை நம்பவைக்க என்னால் முடியவில்லை.

ஏதோ ஒரு நாள், வீட்டில் யாரும் இல்லாத நேரம், ஜன்னல் கதவில் இருந்த வெள்ளைத் துண்டை அவள் கத்தியால் கிளப்பி எடுத்துவிட்டாள். துண்டு இரண்டும் பிரிந்துதானே இருக்கின்றன. ஜன்னல் திறந்திருக்கிறது என்று அந்தச் சுவிச் நினைத்துக்கொண்டது. எடுத்த துண்டில் காந்தம் இருந்தது. அதைக் கொண்டு கோயில் கலண்டரை ஃபிரிட்ஜில் ஒட்டினாள். எனக்கும் சொல்லவில்லை, அத்தானுக்கும் சொல்லவில்லை.

அது நல்ல குளிர் காலம், ஒரு சனிக்கிழமை. அத்தான் காலையில் வேலையால் வந்து, அடுப்பை மூட்டி, சாப்பிட்டுவிட்டு அதன் பக்கத்தில் சோஃபாவிலேயே படுத்துவிட்டார். அக்காவுக்கு ஒரு பிறந்தநாள் வீட்டுக்கு ரோல்ஸ் ஓடர். காலையிலிருந்து பொரித்துக்கொண்டு நின்றாள். ஃபிரீசர் வெளியே கராஜில் இருந்தது. அதனால் அடிக்கடி வெளியே போய் வந்துகொண்டிருந்தாள். அதனால்தான் தப்பினாள் என்று டொக்டர் பிறகு சொன்னார்.

பெட்டிகளில் அடுக்க உதவிக்கு நான் பின்னேரம் போனேன். நேரே குசினிப் பக்கத்துக் கதவால் உள்ளே வந்தேன். நல்ல வெப்பம், நல்ல எண்ணெய் மணம். அக்கா தலையில் ஈரத்துணி கட்டியிருந்தாள்.

"எண்ணெய்ப் புகை குடிச்சதோ தெரியேல்லை, தலையிடிக்குது. மெல்லக் கதை, அத்தான் நல்ல நித்திரை," என்றாள். பொரிக்கிற சத்தம் அவருக்குக் கேட்காதிருக்க ஹோல் கதவைச் சாத்தியிருந்தாள். கதவுக்குக் கீழே இருந்த இடைவெளி அப்சூக்குக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

பெட்டிகளை மூடினோம். பிறகு அக்கா ஒரு தட்டில் சூடான ரோல்ஸும் தேத்தண்ணியும் எடுத்துக்கொண்டு அவரை எழுப்பப் போனாள். "இஞ்சாருங்கோ," என்றாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம், "இஞ்சாருங்கோ." மூன்றாவது தரம் கூப்பிட்டபோது அது என் அக்காவின் குரலாக இல்லை.

அம்புலன்ஸில் வந்தவர்கள் வாசலைத் தாண்டியதும் அவர்கள் பையில் கொழுவியிருந்த ஒரு சின்னக் கருவி கத்தத் தொடங்கியது. அவ்வளவுதான், எங்கள் இரண்டு பேரையும் கையில் பிடித்து வெளியே இழுத்தார்கள். அக்கா காலுறையோடு பனியில் நின்றாள். நெருப்பணைப்புக்காரர்கள் முகமூடியோடு உள்ளே போய், ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தார்கள். அத்தானை வெளியே கொண்டுவந்து வைத்து நெடுநேரம் நெஞ்சை அமத்தினார்கள். பிறகு நிறுத்தினார்கள்.

ஹோல் முகட்டில் புகை எச்சரிக்கைக் கருவி இருந்தது. அது கத்தவில்லை. அந்த நஞ்சுக்குப் புகையும் இல்லை, நிறமும் இல்லை. மணமும் இல்லை. மணத்துக்குப் பயந்தே காலத்தைக் கழித்தவளின் வீட்டுக்குள் மணமில்லாத ஒன்று வந்து மனுஷனைக் கொண்டுபோய்விட்டது. கடவுள் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு ஒக்ஸிஜன் பூட்டியிருந்தார்கள். அவளுடைய கைத்தொலைபேசி என் ஜக்கெற் பொக்கெற்றில் அடித்தது. "அக்கா, ரோல்ஸ் ரெடியோ? வந்து எடுக்கவோ?" என்று கேட்டார்கள். இல்லை என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

பொலிஸ் வந்தபோது, சுவிச்சைப் பற்றி அவர்கள் கேட்கும்வரை அக்கா பொறுக்கவில்லை. "நான்தான் கழட்டினனான். அவருக்குத் தெரியாது," என்றாள். அதையும் நான்தான் டொச்சில் சொன்னேன். செத்தவீட்டுக்கு பீலெஃபெல்டிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "அவர்தான் கழட்டினவர் எண்டு சொல்லச் சொல்லும் பிள்ளை. போனவருக்கு இனி என்ன கேசோ?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. எனக்கும் அந்த நினைப்பு ஒரு கணம் வந்தது. அக்காவிடம் சொன்னேன். அவள் என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

கவனக்குறைவால் மரணம் விளைவித்தது என்று வழக்குப் பதிந்தார்கள். அக்காவைச் சிறையில், மறியலில் போட்டுவிடுவார்களோ என்று பயந்தேன். அவளை என் வீட்டில் வைத்திருந்தேன். சமைக்க மாட்டாள். பேக்கரிப் பாணைத் தண்ணீரில் தொட்டுச் சாப்பிடுவாள். ஒருநாள் திடீரென்று, "எத்தினை வருசம் மறியல் போடுவினம்?" என்று கேட்டாள். போட மாட்டார்கள், பயப்படாதேங்கோ என்றேன். அவள் பயத்தில் கேட்கவில்லை என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

கோடை தொடங்கும்போது வக்கீல் எங்களுக்கு வந்து சந்திக்க ஒரு டெர்மின் தந்தார். நல்ல மனுஷன், இளம் ஆள். எங்களை இருத்திவிட்டு, சிரித்த முகத்தோடு, நல்ல செய்தி என்று தொடங்கினார். செய்த பிழையாலேயே ஒருவர் மிகப் பெரிய இழப்பைப் பட்டிருந்தால், அதற்கு மேல் தண்டிப்பதில் அர்த்தமில்லை என்று இந்த நாட்டுச் சட்டத்தில் ஒரு இடம் இருக்கிறதாம். அந்த முறையில் வழக்கை முடித்துவிட்டார்கள். மறியலும் இல்லை, அபராதமும் இல்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "அக்கா, முடிஞ்சுது. நீங்கள் பட்டதே போதுமாம், காணுமாம். இனித் தண்டிக்கத் தேவையில்லையாம்."

அவள் கையை இழுத்துக்கொண்டாள். அழவில்லை. வக்கீலைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"காணுமெண்டு அவைக்கு ஆர் சொன்னது?" என்றாள். "என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்லையே."