அம்மாவின் சேலையில் மெஷின் எண்ணெய்

கார்பன் தாளின் வாசனையோடு மெஷின் எண்ணெய் வாசனையும் சேர்ந்து வந்தால் அம்மா வீட்டுக்குள் நுழைந்துவிட்டாள் என்று அர்த்தம். ராஜபாளையத்தில், பேண்டேஜ் துணி சுருட்டும் மெஷின் செய்கிற ஒரு பட்டறையில் அவள் டைப்பிஸ்ட். டைப்பிஸ்ட் சேலையில் எண்ணெய்க் கறை எப்படி வரும் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவே கேட்டது. காரணம் தெரிந்தவள் என்பதில் எனக்கு அப்போதே கொஞ்சம் தலைக்கனம்.

கல்யாணத்துக்கு முன்னால், ஸ்பெயினிலிருந்து வந்த கன்னியாஸ்திரி ஒருவரின் மருந்தகத்தில் எட்டு வருஷம் வேலை பார்த்ததில் அம்மாவுக்கு ஸ்பானிஷ் படிந்திருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அந்த மொழி பேசும் ஏதோ ஒரு தூர தேசத்துக்குப் பட்டறையின் மெஷின் முதன்முதலாகக் கப்பலேறவிருந்தபோது, அதை ஓட்டும் விதத்தைச் சொல்லும் இங்கிலீஷ் தாளை ஸ்பானிஷில் எழுதும் வேலை அவள் தலையில் விழுந்தது.

பள்ளி லீவு என்பதால் அன்று நானும் கூடப் போயிருந்தேன். மெஷினைத் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு ஏற்றிப்போக லாரி வாசலில் நின்றது. தாளில் ‘பிக் அப்’ என்று நாலு இடத்தில் இருந்தது. ஓரிடத்தில் துணி நுனியைக் கையால் எடுப்பது, இன்னோரிடத்தில் மோட்டார் வேகம் பிடிப்பது. மற்ற இரண்டும் என்னவென்று அம்மாவுக்குத் திட்டமாகத் தெரியவில்லை.

“நாலு எடத்துலயும் ஒரே வார்த்ததானம்மா. ஒண்ணையே போட்டு முடி. லாரி நிக்குதுல்ல,” என்றார் முதலாளி.

“நாலு எடத்துலயும் ஒரே வேலயில்லங்கய்யா. ஒருக்கா மெஷின ஓட்டிக் காட்டச் சொல்லுங்க,” என்றாள் அம்மா. வேலை போய்விடுமோ என்று நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். எங்கள் வீட்டில் வேறு சம்பளம் கிடையாது.

முதலாளி முகத்தைச் சுளித்தபடி மெஷின் பூட்டும் ஃபிட்டர் மாரியப்பனைக் கூப்பிட்டார். சேலையில் எண்ணெய் படிவதைப் பார்க்காமல் அம்மா மெஷினை ஒட்டி நின்று வரிவரியாகத் தமிழில் சொல்ல, அவர் மெஷினில் செய்து காட்டினார். மூன்றாவது இடம் வந்ததும் அம்மா, முதலாளி சொன்னபடி முதலிடத்து வார்த்தையையே வைத்து, “கையால எடுக்கணும்” என்றாள். மாரியப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“ஓடுறப்ப கைய வச்சா வெரலு போயிரும்க்கா. இங்கன துணிய மெஷினே இழுத்துக்கிரும்.”

“அங்கன ஓட்டப்போறவிய கையும் இதே மாதிரி கைதானங்கய்யா,” என்றாள் அம்மா, முதலாளியைப் பார்த்து.

முதலாளி லாரிக்காரரைச் சாப்பிட்டு வரச் சொன்னார். பிறகு, அதுவரை ‘முடி’ என்று ஒருமையிலேயே பேசியவர், “எம்புட்டு நேரமானாலும் சரி, பாத்து எழுதிட்டு வாங்க,” என்றார். அந்த ‘வாங்க’வைப் பஸ்ஸில் வீடு வரும்வரை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

சில மாதம் கழித்து அந்தத் தேசத்திலிருந்து வந்த கடிதத்தில், அந்தக் குறிப்புத் தாளை எழுதியவர் மெஷின் ஓட்டுபவராகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அம்மா அதை முதலில் மாரியப்பனுக்குத்தான் வாசித்துக் காட்டினாள்.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது டைல்ஸ் கடை. மாரியப்பனும் இல்லை, அம்மாவும் இல்லை. மொழிபெயர்ப்பைச் செல்போனே கண்மூடித் திறப்பதற்குள் செய்துவிடுகிறது. நானும் அதே தொழிலில்தான் இருக்கிறேன். மிக்ஸிக்கோ மோட்டாருக்கோ குறிப்பு எழுதச் சொன்னால், பொருளைக் கொண்டுவந்து ஓட்டிக் காட்டுங்கள் என்பேன். தலைக்கனம் பிடித்தவள் என்கிறார்கள். ஆமாம், அது எங்கள் அம்மா எனக்கு விட்டுப்போன சொத்து.