காலடி ஓசை: செருப்புக்கடை அக்கா

அந்த ஊர்க் குறும்பட விழாவில் படம் எப்படி இருந்தாலும் சரி, கடைசியில் பெயர்கள் ஓடும்போது ஒரு வரி கட்டாயம் வரும்: 'காலடி ஓசை: செருப்புக்கடை அக்கா'. அது வந்ததும் கூட்டம் முழுக்கக் காலால் தரையைத் தட்டும். கைதட்டல் படம் எடுத்தவருக்கு, கால்தட்டல் அக்காவுக்கு. விழா நடக்கிற பழைய கிடங்குக்கு மரத்தரை என்பதால் சத்தம் அடுத்த தெரு வரை கேட்கும்.

அங்கே படம் எடுக்கிறவர்கள் கண்டக்டர், தையல்காரர், பல் டாக்டர் என்று ஆளுக்கொரு பிழைப்பு உள்ளவர்கள். வருஷம் முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர்கள்கூட விழாவில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருப்பார்கள். ஒரே படத்தில் அண்ணன் தம்பியாக நடித்துத் தொலைத்திருப்பார்கள், வேறு வழி? ஒலிக்கு மட்டும் எல்லாரும் அக்காவிடம்தான் வந்து நிற்பார்கள். கடையின் பின்னறையில் ஒரு நீளப் பலகை, ஒரு தட்டு மணல், ஒரு ரெக்கார்டர். படத்தில் நடக்கிறவர்களின் காலடியை அவள் அங்கே நடந்து பதிந்து கொடுப்பாள். யாருக்குச் செருப்பு மாட்டிவிட்டாலும் அவர்கள் நடை அவள் காலில் ஒட்டிக்கொள்ளும். பல் டாக்டர் மாதிரி அவள் நடந்தால் அவர் மனைவியே திரும்பிப் பார்ப்பாள்.

ஒரே ஒரு நடையை மட்டும் அவள் தொட்டதில்லை. அது அவள் கணவருடையது. ஏரியில் படகு கவிழ்ந்தபோது கூடப் போனவர்கள் எல்லாரும் உயிராகவோ உடலாகவோ கிடைத்தார்கள், அவர் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து மாமியார் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட விட்டதில்லை. மகன் வந்தால் வெளியே நிற்கக் கூடாதாம். கதவைப் பார்த்தபடி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தே அரைத்தூக்கம் தூங்குவார். திறந்த வீட்டுக்குள் பயத்தில் விடிய விடியக் கண் மூடாமல் கிடந்தவள் மருமகள்தான். கெஞ்சினாள், சண்டை போட்டாள், பேசாமலும் இருந்து பார்த்தாள். இந்த வருஷம் ஒருவழியாக மாமியார் இறங்கி வந்தார். விழா முடியட்டும், அன்று சாயங்காலத்திலிருந்து தாழ்ப்பாளைப் போட்டுக்கொள் என்றார்.

அந்த நேரம் பார்த்துக் கண்டக்டர் வந்தார். படத்தில் ஒரு நடை, மூடிய ஒரு கதவு, அவ்வளவுதான். யாரோ நடந்து வந்து கதவுக்கு முன்னால் நிற்கிறார், ஆள் தெரிவதில்லை. இடது குதிகாலைத் தேய்த்து நடக்கிற ஆளாக இருந்தால் நல்லது என்றார். பாவம், அவர் ஊருக்குப் புதுசு, அது அக்காவின் கணவர் நடை என்று அவருக்குத் தெரியாது.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பின்னறைப் பரணில் கணவரின் பழைய ஷூ இருந்தது. ஒரு தடவை நடந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துபோகும் என்று நினைத்தாள். மாட்டிக்கொண்டு பலகையின் கோடி வரை நடந்து நின்றாள். முன்பக்கம் யாரோ கூப்பிட, ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினாள். ரெக்கார்டரை நிறுத்த மறந்துவிட்டாள். திரும்பி வந்தபோது ஷூ இரண்டும் வாசல் பக்கம் பார்த்து இருந்தன. அவசரத்தில் நாமே திருப்பிப் போட்டிருப்போம் என்று சமாதானம் செய்துகொண்டாள். பதிவைப் போட்டுக் கேட்கத் தைரியம் வரவில்லை, அப்படியே கொடுத்தனுப்பினாள்.

விழாவன்று பிற்பகல், ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தது. பக்கத்தில் மாமியார். அவருக்குப் பார்வை மங்கல், காது மட்டும் கத்தி. திரையில் காலடி தேய்ந்து தேய்ந்து வந்தது. மாமியாரின் விரல்கள் அவள் மணிக்கட்டைப் பிடித்தன. கண்டுபிடித்துவிட்டார், இனி ஆயுசுக்கும் கதவு மூடாது என்று நினைத்துக்கொண்டாள். காலடி கதவுக்கு முன்னால் நின்றது. அவள் நடந்தது அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்தக் காலடி மறுபடி கிளம்பியது. அதே குதிகால், அதே தேய்ப்பு. மெதுவாக விலகிப் போய்த் தேய்ந்து மறைந்தது. அதை அவள் நடக்கவில்லை.

அவள் பெயர் திரையில் வந்தது. ஒருவரும் காலைத் தட்டவில்லை. அந்த நடையை அறிந்தவர்கள் அங்கே பாதிப் பேர்.

வெளியே கண்டக்டரைப் பிடித்து, விலகிப் போகிற காலடி எங்கிருந்து வந்தது என்று கேட்டாள்.

"நீங்க குடுத்ததுதானேக்கா? வர்றதும் இருந்துச்சு, போறதும் இருந்துச்சு. போறது இன்னும் நல்லா இருந்துச்சுன்னு அதையும் வச்சுக்கிட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் மாமியாரின் காலடியில் உட்கார்ந்தாள்.

"அத்தை, அது நான்தான். அவரோட ஷூவைப் போட்டு நடந்தேன்."

"வந்தது நீதான்னு தெரியும்மா. நீ என்னதான் நடந்தாலும் அவன் பாரம் வருமா?" மாமியார் அவள் தலையைத் தடவினார். "போனதுதான் அவன். வந்து பாத்துட்டுப் போயிட்டான். நீ தாழ்ப்பாளைப் போட்டுக்கோ."

சொல்லிவிட்டுப் படுத்தவர் உடனே குறட்டை விட ஆரம்பித்தார். அப்படி அவர் தூங்கி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அவள் போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள். அவர் மறுபடி வந்துவிட்டால் என்று பயமாக இருந்தது. பயத்தைவிட ஆசையாக இருந்தது. கையை எடுத்துக்கொண்டு, மாமியாரின் நாற்காலியை இழுத்துப் போட்டு, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.