ஐயரும் நானும் பிடித்த முயல்

எங்கள் குடும்பத்தில் ஆண்பிள்ளைகள் எல்லாரும் கடலுக்குப் போனவர்கள். நான் ஒருவன்தான் போகாதவன். எனக்கு ஆசை இருந்தது, வயிறு விடவில்லை. வள்ளத்தில் ஏறினால், ஊர்காவற்றுறைக் கரை கண்ணுக்கு மறைவதற்கு முன்பே காலையில் தின்ற புட்டு கடலுக்குள் போய்விடும். இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டு அப்பா சொன்னார்: "உன்னைக் கூட்டிக்கொண்டு போறது மீனுக்குச் சாப்பாடு போடத்தான் சரி. நீ கரையிலை நில்."

கரையில் நின்றேன். பகலில் கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசியும் சீனியும் நிறுத்துக் கொடுத்தேன். தம்பிமார் மீனோடு வீட்டுக்கு வர நான் வெறுங்கையோடு வருவதா என்ற ரோசத்தில் பின்னேரங்களில் வேட்டைக்குப் போகத் தொடங்கினேன்.

வேட்டை என்றதும் புலியையும் பன்றியையும் நினைத்துவிடாதீர்கள். எங்கள் தீவில் பனை இருக்கிறது, பற்றை இருக்கிறது, காற்று நிறைய இருக்கிறது. காடு கிடையாது. இங்கே ஆகப் பெரிய காட்டு மிருகம் முயல். அதற்கு அடுத்தது உடும்பு. அதையும் விட்டால் கட்டாக்காலி மாடுதான். அதைச் சுட்டால் அதன் சொந்தக்காரன் நம்மைச் சுடுவான். ஆகவே நான் முயல் வேட்டைக்காரன் ஆனேன்.

மாமா ஒருவர் தந்த ஒற்றைக்குழல் துவக்கு என்னிடம் இருந்தது. அது ஒரு நிதானமான துவக்கு. நான் விசையை இழுத்தால் யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் வெடிக்கும். அதற்குள் முயல் ஓடி, நின்று, திரும்பிப் பார்த்து, மறுபடி ஓடிவிடும். வெடித்த பிறகு என் தோள்மூட்டு ஒரு கிழமைக்கு நோகும். மனைவி எண்ணெய் தடவுவாள். போர் மூண்ட பிரச்சினைக் காலத்தில் துவக்குகளை எல்லாம் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொன்னார்கள். ஒப்படைத்தேன். தீவு முழுவதும் கவலைப்பட்ட நாள் அது. என் தோள்மூட்டு மட்டும் சந்தோசப்பட்டது என்று நினைக்கிறேன். முயல்களைப் பற்றி எனக்குத் தெரியாது.

துவக்குப் போனாலும் பெயர் போகவில்லை. இடம்பெயர்ந்து போய், திரும்பி வந்து, கூரை வேய்ந்து குடியேறிய பிறகும் ஊருக்குள் நான் வேட்டைக்காரன்தான். இதற்கு ஒரு காரணம் உண்டு. சட்டிக்குள் விழுந்த முயல் அன்றைக்கே முடிந்துபோகும். தப்பின முயல் முடியாது. அதைப் பற்றிச் சொல்லச் சொல்ல ஒவ்வொரு தடவையும் அரை றாத்தல் எடை கூடும். என்னிடமிருந்து தப்பின முயல்கள் அதிகம். ஆகவே என் பெயரும் பெரிது.

அந்தப் பெயரைக் கேட்டுத்தான் போன வருசம், மாரி முடிந்த கையோடு, ஐயர் எங்கள் வாசல் படலையடியில் மோட்டார்சைக்கிளை நிறுத்தினார். எங்கள் குறிச்சிக்கு அடுத்திருக்கும் பிள்ளையார் கோயிலில் பூசை செய்கிறவர் அவர். நாற்பது வயதிருக்கும். மெல்லிய மனிதர், மெல்லிய குரல்.

"அண்ணை, உங்களாலை ஒரு உதவி வேணும்," என்றார். "கோயில் பூந்தோட்டத்துக்கை ஒரு முயல் வந்து பழகிட்டுது. செவ்வரத்தைக் கன்று, துளசி, ஒண்டும் மிச்சமில்லை. இப்ப பிள்ளையாருக்கு எண்டு வளர்க்கிற அறுகம்புல்லிலையும் வாய் வைச்சிட்டுது."

"அதுக்கென்ன ஐயா, பிடிச்சுப் போடுவம்," என்றேன்.

"பிடிக்கவேணும். ஆனால் கொல்லக் கூடாது."

குசினிக்குள் மனைவி எதையோ இடித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"கொல்லாமல் பிடிச்சு?"

"எங்கையாவது தூரத்திலை கொண்டுபோய் விடுவம். சாட்டிக் கடற்கரைப் பக்கம் பற்றை நிறையக் கிடக்கு. பெற்றோல் என்ரை."

என் வாழ்நாளில் யாரும் என்னிடம் இப்படி ஒரு வேலை கேட்டதில்லை. வேட்டைக்காரனிடம் வந்து, பிடி ஆனால் தின்னாதே என்பது, சமையல்காரனிடம் மணக்க மணக்கச் சமைத்து வாசலில் வைத்துவிட்டு வா என்பது மாதிரி. ஆனாலும் ஒரு கோயில் ஐயர், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்கார வேட்டைக்காரனைத் தேடி வந்திருக்கிறார். எப்படி மாட்டேன் என்பது? ஓம் என்றுவிட்டேன்.

அவர் போன பிறகு மனைவி வெளியே வந்தாள். "கொல்லாமல் பிடிக்கிறது உங்களுக்குச் சுகம்தானே," என்றாள். "இவ்வளவு காலமும் நீங்கள் ஒண்டையும் பெரிசாக் கொல்லேல்லை. இனிப் பிடிக்கிறதை மட்டும் பழகினால் சரி."

துவக்கில்லாமல் உயிரோடு பிடிக்க வலை வேண்டும். தம்பியிடம் போனேன். அவன் கடற்கரை வாடியில் இருந்து வலைக் கிழிசல் பொத்திக்கொண்டிருந்தான். "அண்ணை, கடலிலையே ஒண்டும் படுகுதில்லை. நீங்கள் கரையிலை வலை போட்டு என்ன செய்யப் போறியள்?" என்று கேட்டுச் சிரித்தபடி ஒரு பழைய துண்டு வலையைத் தூக்கித் தந்தான். அதில் மீன் மணம் இருந்தது. கோயில் தோட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டிய சாமான் என்று மனைவி அதைச் சவர்க்காரம் போட்டு மூன்று தண்ணீரில் அலசினாள். அப்படியும் போகாமல் கடைசியில் தேசிக்காய் பூசினாள். மணம் போகவில்லை, தேசிக்காய் விட்ட மீன்குழம்பு மணமாக மாறியது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் போனபோது ஐயர் மூக்கைச் சுளித்தார். தோட்டத்துக்குச் சுற்றிவரப் பனையோலை வேலி. வேலியில் ஒரு இடத்தில்தான் பொட்டு இருந்தது. முயல் போய்வந்து வழுவழுப்பான ஓட்டை. அதற்கு வெளியே வலையைக் கட்டினேன். என்னோடு வந்த எங்கள் வீட்டு நாயை உள்ளே விட்டேன். முயல் செவ்வரத்தைக்குக் கீழே அறுகம்புல்லை மென்றுகொண்டு அமைதியாக இருந்தது. நாய் அதைப் பார்த்தது. அது நாயைப் பார்த்தது. நாய் பொட்டுக்குள்ளால் வெளியே ஓடிப்போய் வலைக்குள் விழுந்தது.

நாயைப் பிரித்தெடுக்கவே நெடுநேரம் போனது.

"சத்தம் போட்டால் ஓடும், ஐயா," என்றேன். ஐயர் உள்ளே போய்ப் பூசைக்கு அடிக்கிற சேமக்கலத்தைக் கொண்டுவந்து அடித்தார். முயல் அசையவில்லை. யோசித்துப் பார்த்தால், அது பிறந்ததிலிருந்து தினமும் சேமக்கலம் கேட்டு வளர்ந்த முயல். அதற்கு அது சாப்பாட்டு மணி. ஆனால் ஊருக்குக் கேட்டுவிட்டது. நேரம் தப்பிய நேரத்தில் என்ன பூசை என்று ஒரு அக்கா கையில் கற்பூரத்தோடு ஓடி வந்தார். வந்தவர் கண்டது, வலைக்குப் பக்கத்தில் குந்தியிருக்கும் என்னையும், செவ்வரத்தையைப் பார்த்துச் சேமக்கலம் அடிக்கும் ஐயரையும். கற்பூரத்தை வேலியடியில் வைத்துவிட்டு வந்த வழியே போய்விட்டார்.

கடைசியில் ஐயர் மோட்டார்சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து வேலியோரம் நிறுத்தி முறுக்கினார். அந்த மோட்டார்சைக்கிளின் சத்தம் சாதாரணமானதில்லை. புகைக்குழாய் பாதி உடைந்தது. முயல் ஒரே பாய்ச்சலில் பொட்டுக்குள்ளால் வந்து என் மடியில் விழுந்தது. வலையையும் முயலையும் சேர்த்துக் கட்டிப்பிடித்தேன். உயிரோடு ஒரு முயலை நான் அணைத்துப் பிடித்தது அதுதான் முதல் தடவை. அதன் நெஞ்சு அடித்த அடி என் கைக்குள் கேட்டது. நல்ல கொழுத்த முயல். கோயில் சாப்பாடு.

உரப்பை ஒன்றுக்குள் அதைப் போட்டோம். மூச்சு முட்டும் என்று ஐயர் ஒரு ஓட்டை வெட்டச் சொன்னார். பாவம் பார்த்துப் பெரிதாக வெட்டிவிட்டேன். நான் பின்னால் ஏறி, பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அரை மைல் போவதற்குள் முயல் ஓட்டைக்குள்ளால் தலையை வெளியே நீட்டி, இரண்டு காதையும் நிமிர்த்திக்கொண்டு, ரோட்டில் போகிற வருகிற எல்லாரையும் பார்க்கத் தொடங்கியது. எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். திருநீறு பூசிய ஐயர் முன்னால், ஊரறிந்த முயல் வேட்டைக்காரன் பின்னால், நடுவில் முயல். சைக்கிளில் மீன் கொண்டுபோகிற வியாபாரி காலை ஊன்றி நின்றே பார்த்தான். "எங்கை, சாட்டிக்கோ?" என்று கேட்டான். நானும் ஓம் என்று கைகாட்டினேன். அங்கேதான் பிழை நடந்தது. ஞாயிற்றுக்கிழமை சாட்டிக்கு ஊர்ச்சனம் போவது எதற்கு? கடலில் குளித்து, மர நிழலில் இறைச்சி சமைத்துத் தின்னத்தான்.

சாட்டியில் அன்றைக்கும் அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. அவற்றைத் தாண்டிப் பற்றைப்பக்கம் போக வேண்டும். நான் இறங்கும்போது முழங்கால் பிடித்துக்கொண்டது. கை தளர்ந்தது. முயல் குதித்தது. மரத்தடியில் சமைத்துக்கொண்டிருந்த ஏழெட்டு இளந்தாரிகள் எழும்பி "முயலடா! பிடியடா!" என்று தடியோடு துரத்தினார்கள். ஐயர் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் ஓடினார். அவருடைய மெல்லிய குரல் எங்கே போனதோ தெரியாது. "ஓடு! ஓடு!" என்று முயலைப் பார்த்துக் கத்தினார். தங்களைத்தான் உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து அவர்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள்.

முயல் தாழம்பற்றைக்குள் புகுந்தது. சுற்றி வளைத்தால் பிடித்திருப்பார்கள். நான் இருந்த இடத்திலிருந்தே, என்னால் முடிந்தவரை பெலத்து, "தம்பியவை! அதுக்கை புடையன் கிடக்கு! இப்பதான் கண்டனான்!" என்று கத்தினேன். புடையன் பாம்பென்றால் யாரும் நிற்பார்கள். நின்றார்கள். தடியைக் கீழே போட்டுவிட்டுத் தங்கள் சட்டியடிக்குப் போனார்கள்.

ஐயர் மூச்சிரைக்க வந்து என் கையைப் பிடித்தார். "அண்ணை, உங்களுக்குப் பெரிய மனசு. ஒரு உயிரைக் காப்பாத்திப் போட்டியள்."

என் மனசில் இருந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. நான் பிடித்த முயலை இன்னொருத்தன் தின்ன, நான் பார்த்துக்கொண்டு நிற்கவோ?

நாங்கள் ஊருக்குத் திரும்புவதற்கு முன்பே கதை ஊருக்குப் போய்விட்டது. ஐயர் சாட்டியில் முயல் இறைச்சி தின்றார் என்பது முதல் கதை. மறுநாள் அது பிரட்டல் கறியாயிற்று. அதற்கடுத்த நாள் ஐயர் தேசிக்காய் கேட்டு வாங்கிப் பிழிந்தாராம். மீன் வியாபாரி வாசலுக்கு வாசல் மீனோடு இதையும் விற்றான். எனக்கு என்னவோ அந்த நாட்கள் இனிமையாகத்தான் போயின. சந்தியில் நின்றால், "என்ன, கோயில் முயலையும் விடேல்லைப் போலை," என்பார்கள். இவ்வளவு காலமும் தப்பின முயலைப் பற்றியே பேசிய ஊர், முதல் தடவையாக நான் பிடித்த முயலைப் பற்றிப் பேசியது.

அந்தச் சந்தோசம் ஐயர் வந்து நிற்கும்வரைக்கும்தான். முகம் வாடியிருந்தது. "கோயில்காரர் கூட்டம் வைச்சிருக்கினம், அண்ணை. உண்மை எண்டால் பூசையை விடச் சொல்லுவினம். நீங்கள் வந்து ஒரு சொல்லுச் சொல்லவேணும்."

போனேன். மனைவியும் கூடவே வந்தாள். கோயில் வெளிமண்டபத்தில் கதிரை போட்டு நிர்வாகத்தார் இருந்தார்கள். சுற்றிவரச் சனம். தலைவர் என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். சங்கக்கடைக் காலத்திலிருந்தே பழக்கம்.

"பிடிச்சது உண்மையோ?"

"ஓம். பிடிச்சனான். கொண்டுபோய் விட்டனாங்கள்."

"விட்டனீரோ!" தலைவர் சனத்தைப் பார்த்தார். "எத்தினை வருசமா நீர் எங்களுக்கு முயல்கதை சொல்லுறீர்? தோட்டவெளியிலை ஒரு நாளிலை நாலு பிடிச்ச கதை, ஓடுற முயலைக் கல்லாலை விழுத்தின கதை. அப்பிடிப்பட்ட வேட்டைக்காரன் கைக்கு வந்த கொழுத்த முயலைப் பற்றைக்கை விட்டவனாம். இதை ஆர் நம்புறது?"

என் பெயர் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு ஐயர் குற்றவாளி. நான் விழுந்தால் அவர் எழும்புவார். நான் நின்றால் அவர் விழுவார். நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்க, பின்னாலிருந்து மனைவி முன்னுக்கு வந்தாள்.

"நான் சொல்லுறன்," என்றாள். "கலியாணம் முடிச்சு வந்ததிலை இருந்து இந்த மனுசன் கொண்டுவந்து நான் சட்டியிலை போட்ட முயல் ரெண்டு. அதிலை ஒண்டு தானாச் செத்துக் கிடந்தது. மற்ற நாள் முயல்கறி எண்டு இஞ்சை வந்து வயிறு தடவி ஏவறை விட்டதெல்லாம் என்ரை கோழி. வேணுமெண்டால் என்ரை கோழிக்கூட்டைக் கேளுங்கோ. முயலை விடுறது இவருக்குப் புதுப் பழக்கமில்லை, ஐயா. இவர் விட்ட முயலாலைதான் தீவிலை முயல் இனம் பெருகிக் கிடக்கு."

தலைவர்தான் முதலில் சிரித்தார். கதிரை ஆடுமளவுக்குச் சிரித்தார். சனம் சிரித்தது. கற்பூரம் கொண்டுவந்த அக்காவும் சிரித்தார். ஐயர் சிரிக்காமலிருக்கப் பெரும்பாடு பட்டார். அவருடைய உடம்பு குலுங்கியது. கூட்டம் அத்தோடு கலைந்தது.

மனைவி சொன்ன தொகை சரியா பிழையா என்று இங்கே நான் வாதாடப் போவதில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்கு நாலடி முன்னால் நடந்தேன். எங்கள் படலையடியில் வந்து, "கோபமோ?" என்று கேட்டாள்.

"அந்தச் செத்த முயலையும் சொல்லியிருக்கத் தேவையில்லை," என்றேன்.

"பாவம், அந்த ஐயருக்கு மூண்டு பொம்பிளைப் பிள்ளையள்," என்றாள். அதற்கு மேல் கோபிக்க எனக்கு வழி இருக்கவில்லை.

இப்போது சந்தியில் யாரும் என்னிடம் முயல்கதை கேட்பதில்லை. கோழி விலை கேட்கிறார்கள். ஐயர் வேலிப் பொட்டைப் புது ஓலை வைத்து அடைத்துவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் பூசை முடிந்து போகும்போது வாழையிலையில் சுற்றிய மோதகத்தோடு வந்து கதிரையில் இருந்து கதைத்துவிட்டுப் போகிறார். சாட்டிப் பற்றைப் பக்கம் போகும்போதெல்லாம் மோட்டார்சைக்கிளை நிறுத்திப் பார்ப்பாராம். அந்த முயல் இன்னும் கண்ணில் படவில்லையாம். மனைவி மோதகத்தைப் பீங்கானில் வைத்து என் முன்னால் கொண்டுவந்து வைப்பாள். "வேட்டைச் சாப்பாடு வந்திருக்கு, எழும்புங்கோ," என்பாள். நானும் எழும்பி, கை கழுவிக்கொண்டு வந்து இருப்பேன்.