ரீபேயில் பெயர் தேய்ந்த கல்

பிள்ளைகளே, நேற்றுப் பள்ளிக்கூடச் சுற்றுலா போய்வந்த சின்னவள் கதவடியில் நின்றே சொன்னாள்: "அப்பா, ரீபேயில இருக்கிற பேராலயம் நிலத்துக்குள்ள தாண்டுகொண்டு போகுதாம்."

எனக்குத் தெரிந்த மட்டில் அது தாழவில்லை. சனம் எறிந்த குப்பையும், வெள்ளம் கொண்டுவந்த சேறும், எரிந்த வீடுகளின் சாம்பலும் நூற்றாண்டுக் கணக்காகச் சேர்ந்து, ஊர்தான் மேலெழும்பியது. அதனால் தெருவிலிருந்து படியிறங்கித்தான் உள்ளே போகவேண்டும். செத்துப்போனவர்கள் நடந்த மட்டத்துக்கு இறங்குகிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் படிகளை நினைத்தாலே எனக்கு மெழுகுதிரிப் புகை மணக்கும். மன்னாரிலிருந்து இந்த டேனிஷ் நாட்டுக்கு வந்த புதிதில், நீங்கள் பிறக்கமுன்னர், எஸ்பியர்க் துறைமுகத்தில் மீன் ஆலையில் நான் வேலைசெய்த காலம். ஆத்துமாக்கள் திருநாளன்று உங்கள் அம்மாவும் நானும் ரயிலேறி ரீபேக்குப் போனோம். மன்னாரில் அன்றைக்குச் சேமக்காலைக்குப் போய், தங்கள் ஆட்களின் கல்லறையில் திரி கொளுத்துவார்கள். அம்மாவின் தம்பி போரில் காணாமல் போனவர், கல்லறை இல்லை. கொளுத்தினால் செத்ததாக ஆகிவிடும் என்று அம்மா ஒரு வருடமும் கொளுத்தியதில்லை. ஆனால் கைப்பையில் ஒரு திரி எப்போதும் கிடக்கும்.

ஊர்ப் பழக்கத்தில் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினோம். என் காலுறை ஓட்டையால் பெருவிரல் எட்டிப் பார்த்தது. உள்ளே ஒருவரையும் காணவில்லை. எங்கோ மேலே ஓர்கன் வாத்தியம் திருத்துகிறவர் ஒரே சுரத்தை அமத்திப் பிடித்திருந்தார். அது முடியவே இல்லை. நிலமெல்லாம் கல்லறைக் கற்கள். பெயர்களை மிதிக்காமல் அம்மா இடம் பார்த்துக் கால்வைத்தார். ஒரு கல்லில் மட்டும் பெயரும் இல்லை, செதுக்கிய முகமும் இல்லை. நடந்த கால்கள் தேய்த்துவிட்டன. அம்மா அதனருகே குந்தினார்.

"இந்தக் கல்லுக்கு ஆளில்லை. தம்பிக்குக் கல்லில்லை. கொஞ்ச நேரம் இரவல் கேப்பம்."

கொளுத்தினார். காற்றே இல்லை. ஆனாலும் பக்கத்தால் யாரோ போனதுபோல் சுடர் ஒருக்கால் சாய்ந்து நிமிர்ந்தது. மேலே அந்தச் சுரமும் நின்றது.

ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் வந்தார். இதில் கிடப்பவர் யாரென்று தெரியுமா என்று கேட்டார். அம்மா தனக்குத் தெரிந்த டேனிஷில் சொன்னார்: "என்ரை தம்பி."

அவர் அந்தப் பழங்கல்லைப் பார்த்தார். பிறகு எங்கள் கால்களைப் பார்த்தார். எரிந்து முடியும்வரை இருங்கள் என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனார்.

அதுவரை வீட்டுத் தொலைபேசி அடித்தால், தம்பியாக இருக்கும் என்று அம்மா ஈரக்கையோடு ஓடுவார். அதன்பிறகு ஓடவில்லை. அது அடித்து ஓயும்வரை கறியைக் கிளறிக்கொண்டு நிற்பார். அந்தத் தொலைபேசியைக் கழற்றியும் கனகாலம். நீங்கள் அதன் மணியைக் கேட்டதே இல்லை.