இன்னும் ஏறாத பயணி

மைக்கம்மாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்ற செய்தியை எனக்குக் கொடுத்தவர் மருந்துக் கடைக்காரர். மாத்திரை வாங்கப் போனவனுக்கு இலவச இணைப்பு. கடைவளாகத்தின் கார் நிறுத்தத்தில், இரண்டு வண்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு, "சாயங்காலம் நாலு பத்துப் படகு வந்துடுச்சா?" என்று காவலாளியிடம் கேட்டாராம். பக்கத்துக் கடைக்காரர் சொன்ன கதையில் அவர் துடுப்பைத் தேடிக்கொண்டிருந்தார். முடிதிருத்தகத்துக் கதையில் நீந்தவே தொடங்கிவிட்டார். நான்காவது கடைக்குப் போயிருந்தால் கரை சேர்ந்திருப்பார். நான் அவர் வீட்டுக்கே போய்விட்டேன்.

முப்பத்தோரு வருடம் படகுத்துறையில் மைக் பிடித்தவர். கல்யாணமாகிப் போனவர்களுக்கும் கோபித்துக்கொண்டு போனவர்களுக்கும் அதே குரல், அதே "பயணிகள் கவனத்திற்கு". டிக்கெட் வாங்கிவிட்டு ஏறாமல் நிற்பவர்களை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். "இன்னும் ஏறாத பயணி" என்று ஆரம்பித்தாலே டீக்கடையில் யாராவது வாயைச் சுட்டுக்கொள்வார்கள். அப்புறம் கடலில் மண்ணைக் கொட்டினார்கள். கடல் நானூறு அடி தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டது. படகுத்துறை கார் நிறுத்தமாயிற்று. கடற்கரைத் தெருவில் இன்றைக்குக் கடலைத் தவிர எல்லாம் கிடைக்கும்.

வீட்டில் அவருடைய தோழியும் இருந்தார். துறைக்கு எதிர் விடுதியில் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடித்தவர். ஊர் வைத்த பெயர் மடிப்பு. நிஜப் பெயர் வாக்காளர் பட்டியலுக்கு மட்டும் தெரியும். நான் முகம் துடைத்த கைக்குட்டையைப் பிடுங்கி நாலாக மடித்துத் தந்துவிட்டுத்தான் பேசவே தொடங்கினார்.

"இவளுக்குப் புத்தியும் தடுமாறல, காலும் தடுமாறல. அது ஆட்டம், தம்பி."

அவர்களோடு நடந்து ஆட்டத்தைப் பார்த்தேன். தெருவில் எதற்கும் பழைய பெயர்தான் சொல்லலாம். பணம் எடுக்கும் இயந்திரம் ஐஸ் கம்பெனி. அதைத் தாண்டும்போது இருவரும் போர்த்திக்கொண்டார்கள். செல்போன் கடை வாசலில், "குனிஞ்சு வாங்க, வலை காயுது" என்றார் மைக்கம்மா. நானும் குனிந்தேன். கார் நிறுத்தத்துக்கு வந்தபோது தார்த் தரை லேசாக ஆடியது போலிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, மருந்துக் கடைக்காரர் காதுக்குப் போய்விடும்.

"புதுப் பேர் வாயில வந்தா?" என்று கேட்டேன்.

"தோல்வி. நான் தோத்தா இவ வீட்டுத் துணியெல்லாம் மடிச்சுக் குடுக்கணும்" என்றார் மடிப்பு. "இவ தோத்தா என் பேரை மைக்குல கூப்பிடுற மாதிரி கூப்பிடணும். முழுப் பேர். இங்கயே. ஜன்னலோரம் தேய்ச்சுக்கிட்டே ஊர்ல எல்லார் பேரையும் கேட்டாச்சு. நான் ஒரு தடவை கூடப் படகு ஏறினதில்ல."

ஆறு வருடமாக இருவரும் தோற்கவில்லை.

வதந்திக்கு நம்மைவிடக் கால் அதிகம். ஒன்பது மணி நேரப் பயணத் தொலைவில் இருந்த மைக்கம்மாவின் மகனை மூன்றே நாளில் எட்டிவிட்டது. சனிக்கிழமை காரோடு வந்தார். நல்ல பிள்ளை, அம்மாவுக்கென்று தன் வீட்டில் ஓர் அறைக்கு வெள்ளையடித்துவிட்டே வந்திருந்தார். அம்மாவை நேரே கார் நிறுத்தத்துக்கு அழைத்துப் போனார். சாட்சிக்கு மடிப்பு என்னையும் இழுத்துக்கொண்டார்.

"அம்மா, இப்ப நாம எங்க நிக்கிறோம்னு சொல்லு."

மைக்கம்மா சுற்றிப் பார்த்தார். பழைய பெயரைச் சொன்னால் வெள்ளையடித்த அறை. புதுப் பெயரைச் சொன்னால் தோல்வி. மகனின் முகம் வாடத் தொடங்கியது.

"சொல்லித் தொலையேண்டி" என்றார் மடிப்பு, உதடு அசையாமல்.

"கார் பார்க்கிங்" என்றார் மைக்கம்மா. "ரெண்டாவது வரிசை. மஞ்சக் கோட்டு மேல வண்டியை நிறுத்தியிருக்கே, போய் எடுடா. அபராதம் போட்டுடுவான்."

மகன் அசடு வழிந்துகொண்டு வண்டியை நகர்த்தப் போனார். ஞாயிறு மாலை தனியாகவே ஊர் திரும்பினார்.

ஐந்து வாரமாயிற்று. மடிப்புக்குச் சேர வேண்டியது இன்னும் சேரவில்லை. முதல் வாரம் மைக்கம்மாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. பிறகு காவலாளி பார்க்கிறான் என்றார். நேற்று கார் நிறுத்தத்தில் மடிப்பு விடவில்லை.

"ஏமாத்துறியாடி?"

"பேரைக் கூப்பிட்டா ஏறிடணும்டி" என்றார் மைக்கம்மா. "நான் கூப்பிட்டு ஏறாம நின்னவங்க ஒருத்தர் கிடையாது. நீயும் ஏறிட்டா, நாலு பத்துக்கு நான் யாரோட வந்து நிக்கிறது?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. தோத்தது தோத்ததுதான்."

மடிப்பு குடையைச் சுருக்கி, பை இல்லாத குறைக்கு அதையே இடுக்கிக்கொண்டு, பயணி மாதிரி நின்றார். நாலு பத்து. மைக்கம்மா தொண்டையைச் செருமினார். வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் அந்தக் குரலுக்கு அப்படியே பிரேக் போட்டார்.

"பயணிகள் கவனத்திற்கு. எதிர்க்காற்று காரணமாக, நாலு பத்துப் படகு தாமதமாக வரும்."

"இதுல என் பேர் எங்கடி இருக்கு?" என்றார் மடிப்பு.